35 அங்குல டயர் போட்டாச்சு, கிரவுன் பினியனை என்ன செய்வது?

"அண்ணா, 4.56 போடவா, 4.88 போடவா?"

ஹூஸ்டனில் இருக்கும் ஒரு தம்பி அனுப்பிய வாட்ஸப் செய்தி இவ்வளவுதான். முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஜீப் ராங்லர் வாங்கி, ஸ்பிரிங்கை மாற்றி உயரத்தைக் கூட்டி, 35 அங்குல டயரை மாட்டியவர்கள் யாராக இருந்தாலும் கொஞ்ச நாளில் இந்தக் கேள்வியில் வந்து நிற்பார்கள். நான் திருப்பிக் கேட்டேன்: "எந்த வருஷ வண்டி? ஆட்டோமேட்டிக்கா, மேனுவலா? இப்ப உள்ளே என்ன ரேஷியோ இருக்கு?"

"அதெல்லாம் எதுக்குண்ணா? 35-க்கு எதுன்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

போதாது. ஏன் போதாது என்பதைப் போனில் அரைகுறையாகச் சொன்னேன். இங்கே கொஞ்சம் விலாவாரியாக.

அடிப்படை தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். கியர்பாக்ஸிலிருந்து வரும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், ஆக்ஸிலுக்குள் பினியன் என்ற சின்னப் பல்சக்கரத்தைச் சுற்றுகிறது. பினியன், கிரவுன் என்ற பெரிய பல்சக்கரத்தைச் சுற்றுகிறது. இரண்டையும் ஜோடியாகத்தான் விற்பார்கள், ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். கிரவுனில் 41 பல், பினியனில் 11 பல் என்றால் 41-ஐ 11-ஆல் வகுத்து 3.73. அதாவது ஷாஃப்ட் 3.73 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. அதே 41-க்குப் பினியனில் 10 பல் இருந்தால் 4.10, 9 இருந்தால் 4.56, 8 இருந்தால் 5.13. கிரவுனில் 39, பினியனில் 8 என்றால் 4.88. எண் ஏற ஏற இழுவை கூடும். ஆனால் அதே வேகத்தில் போக இன்ஜின் அதிகமாகச் சுற்ற வேண்டும்.

டயர் பெரிதானால் நடப்பது இதற்கு நேர் எதிர். ஒரு சுற்றுக்கு வண்டி கூடுதல் தூரம் போகிறது, அதனால் இன்ஜின் சுற்று குறைகிறது, இழுவையும் குறைகிறது. கியர் சைக்கிளில் டாப் கியரை மாற்றாமலே மேடு ஏறுகிற கதைதான்.

இதைச் சரிக்கட்ட எல்லோரும் போடும் கணக்கு ஒன்று உண்டு. பழைய ரேஷியோவைப் புது டயர் விட்டத்தால் பெருக்கி, பழைய டயர் விட்டத்தால் வகுத்தால் போதும். ரூபிக்கான் மாடலில் வரும் 255/75 அளவு டயர் ஏறத்தாழ 32 அங்குலம். அதிலிருந்து 35-க்குப் போனால், 4.10 இருந்த இடத்தில் 4.48 வேண்டும். ஸ்போர்ட் மாடலின் 225/75 டயர் 29 அங்குலத்துக்குச் சற்று மேல். 3.21 ரேஷியோவோடு வந்த ஸ்போர்ட்டுக்கு இந்தக் கணக்குப்படி 3.84 வந்தால் பழைய நிலைமை திரும்பிவிடும்.

பழைய நிலைமை என்ன அவ்வளவு ஒசத்தியா என்று யாரும் கேட்பதில்லை. 3.21 என்பது எரிபொருள் சிக்கனத்தை மனதில் வைத்துப் போட்ட ரேஷியோ. காலி வண்டியைச் சமதரையில் உருட்டத்தான் அது லாயக்கு. அந்தச் சோம்பலை மீட்டெடுக்கவா இவ்வளவு செலவு? மேலும், 35 அங்குல டயர் உயரம் மட்டும் கூடிய டயர் இல்லை. ஒவ்வொன்றும் பழையதைவிடப் பத்து கிலோ வரை கனம், அந்தக் கனமும் மையத்தைவிட்டுத் தள்ளி விளிம்பில் உட்கார்ந்து சுற்றுகிறது. வண்டியைத் தூக்கி வைத்ததால் காற்று வேறு முட்டுகிறது. போதாக்குறைக்கு முன்னால் இரும்பு பம்பர், அதில் வின்ச், பின்னால் தண்ணீர் கேன், கூடாரம். ஆகவே அந்த வகுத்தல் கணக்கின் விடையைக் கீழ் வரம்பாக எடுத்துக்கொள்ளலாம். அதற்குக் கீழே போகக்கூடாது, அவ்வளவுதான். எதைப் போடுவது என்பதை அது சொல்லாது.

இன்னொரு சின்ன விஷயம். 35 என்று சொல்லி விற்கப்படும் எல்லா டயரும் 35 இல்லை. 315/70 அளவு, 17 அங்குல ரிம்முக்கான டயரைக் கணக்குப் போட்டால் 34.4 தான் வரும். வண்டியின் பாரம் ஏறினால் இன்னும் அமுங்கும். அரை அங்குலத்துக்காகத் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம், ஆனால் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை சண்டை போடுகிறவர்கள் டேப்பை எடுத்து ஒருமுறை அளந்து பார்க்கலாம்.

சரி, எது முடிவு செய்கிறது? என் கணக்கில் மூன்று: கியர்பாக்ஸின் கடைசி கியர், இன்ஜின் எந்தச் சுற்றில் உயிர் பெறுகிறது, நீங்கள் அடிக்கடி ஏறும் சாலை. பாறை இந்தப் பட்டியலில் இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன், சண்டைக்கு வருபவர்கள் அதுவரை பொறுக்கவும்.

2007 முதல் 2018 வரை வந்த ராங்லரை ஜேகே என்பார்கள். அதற்குள்ளேயே இரண்டு வேறு வண்டிகள் இருக்கின்றன. 2011 வரை 3.8 லிட்டர் வி6, 202 குதிரைத் திறன், ஆட்டோமேட்டிக் என்றால் நாலு கியர். 2012-லிருந்து 3.6 லிட்டர் பென்டாஸ்டார், 285 குதிரைத் திறன், ஐந்து கியர் ஆட்டோமேட்டிக். பழைய நாலு கியர் பெட்டியின் கடைசி கியர் 0.69. புதிய ஐந்து கியர் பெட்டியின் கடைசி கியர் 0.83. கேட்க அற்ப வித்தியாசம் போலிருக்கும். 35 அங்குல டயர், 3.73 ரேஷியோ, மணிக்கு 65 மைல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய வண்டியின் இன்ஜின் ஏறத்தாழ 1,600 சுற்றில் தூங்கி வழியும். புதிய வண்டி 1,930-இல் இருக்கும். பழைய 3.8-க்கு அதன் முழு முறுக்கு விசை 4,000 சுற்றில்தான் வருகிறது. 1,600-இல் அதனிடம் போய் 'மேடு ஏறு' என்றால் அது என்ன செய்யும்?

என்ன செய்யும் என்பதைப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். நான் இருப்பது டென்வர் பக்கம். ஊரே கடல் மட்டத்திலிருந்து 5,280 அடி உயரத்தில். இங்கிருந்து ஐ-70 நெடுஞ்சாலையில் மேற்கே போனால் ஐசன்ஹோவர் சுரங்கம், அது 11,000 அடிக்கும் மேலே. சுரங்கத்தை நெருங்கும் ஏற்றத்தில் சாலை நூற்றுக்கு ஆறு, ஏழு என்று நிமிர்கிறது. காற்று மெலிவதால் டர்போ இல்லாத இன்ஜின் ஆயிரம் அடிக்கு மூன்று சதவீதம் போலத் திறனை இழக்கும் என்பது பொதுக் கணக்கு. சுரங்க வாசலில் நிற்கும் அந்த 202 குதிரைகளில் அறுபது குதிரை கடல் மட்டத்திலேயே தங்கிவிட்டன என்று அர்த்தம்.

நண்பரின் பழைய ஜேகே, ஆட்டோமேட்டிக், 3.73, மேலே 35 அங்குல டயர். ஏற்றம் தொடங்கியதும் நாலாவது கியர் கழன்றது. மூன்றாவதில் மணிக்கு 55 மைலில் 2,000 சுற்றுகூட இல்லை. வேகம் கரைய, அவர் ஆக்ஸிலேட்டரை மிதிக்க, பெட்டி இரண்டாவதுக்கு விழுந்தது. முள் ஒரே தாவலில் 3,100. இன்ஜின் அலறியது, வேகம் ஏறியது. காலைச் சற்றே எடுத்ததும் மறுபடி மூன்று, மறுபடி சோர்வு, மறுபடி இரண்டு. அந்தப் பெட்டியில் இரண்டாவது கியர் 1.57, மூன்றாவது 1.00. நடுவில் ஒன்றும் கிடையாது. நமக்குத் தேவைப்படும் சுற்றோ அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. வலப்பக்கத் தடத்தில் சரக்கு லாரிகளோடு லாரியாக ஏறினோம். நண்பர் ஏசியை அணைத்துப் பார்த்தார், ஜன்னலைத் திறந்து பார்த்தார். பேச்சு மட்டும் நின்றுவிட்டது.

இதே வண்டிகளில் ஓடோமீட்டர் இடத்தில் 'ஹாட் ஆயில்' என்று ஒரு எச்சரிக்கை வரும். கியர்பாக்ஸ் எண்ணெய் கொதிக்கிறது என்று பொருள். மணலிலும் நீண்ட ஏற்றத்திலும் டார்க் கன்வெர்ட்டர் பூட்டாமல் நழுவிக்கொண்டே இருந்தால் அந்த வேலை எல்லாம் சூடாகத்தான் போகும். பெரிய டயரும் சின்ன ரேஷியோவும் சேர்ந்தால் முதலில் அடிவாங்குவது இன்ஜின் இல்லை, கியர்பாக்ஸ்.

அதே நண்பர் பிறகு 5.13 போட்டார். இப்போது அதே ஏற்றத்தில், அதே 55 மைலில், மூன்றாவது கியரில் 2,700 சுற்று. இரண்டாவதுக்கு விழ வேண்டிய அவசியமே பெரும்பாலும் வருவதில்லை. சமதரையில் 65 மைலில் நாலாவதில் 2,200. 5.13 என்றதும் 'ஐயோ, ஹைவேயில் கத்துமே' என்பவர்கள் இந்த எண்ணைப் பார்க்கவும். 0.69 கடைசி கியர் உள்ள வண்டிக்கு 5.13 ஒன்றும் வெறித்தனம் இல்லை. கியரை மாற்றியதால் தொலைந்த குதிரைகள் திரும்பி வந்துவிடவில்லை. மிச்சமிருக்கும் குதிரைகள் வேலை செய்யும் சுற்றில் இன்ஜினைப் பிடித்து வைக்கிறது, அவ்வளவே.

இப்போது ஹூஸ்டன் தம்பி. ஒருவழியாக விவரம் வாங்கினேன்: 2014 வண்டி, ஐந்து கியர் ஆட்டோமேட்டிக், 3.73. கடல் மட்டத்தில் இருக்கும் ஊர். மேடு என்றால் அவர்களுக்குப் பாலம்தான். ஐ-10-இல் மணிக்கு 75 மைலில் மணிக்கணக்காக ஓட்டுவார். அந்த வேகத்தில் 4.56 என்றால் 2,720 சுற்று, 4.88 என்றால் 2,910. பென்டாஸ்டாருக்கு இரண்டுமே பாரமில்லை, அது சுற்றச் சுற்றச் சிரிக்கும் இன்ஜின். ஆனால் நாள் முழுக்க அந்த இருநூறு சுற்றின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, அதற்கான பெட்ரோலையும் ஊற்றிக்கொண்டு அவருக்கு என்ன லாபம்? 4.56 போதும் என்றேன்.

"நீங்க என்ன போட்டிருக்கீங்க?"

"4.88."

"அப்ப எனக்கு மட்டும் ஏன்ணா குறைச்சு சொல்றீங்க?"

அதே இன்ஜின், அதே பெட்டி, அதே டயர்தான். ஆனால் எனக்குச் சனிக்கிழமை காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பினால் சுரங்கம் வரை ஏற்றம். இறக்கத்திலும் பலன் உண்டு. சுரங்கம் தாண்டி சில்வர்தார்ன் நோக்கி இறங்கும் சரிவில், பிரேக் போன லாரிகள் ஏறி நிற்பதற்கென்றே தனிப் பாதை வெட்டி வைத்திருக்கிறார்கள். அங்கே இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும்போது பெரிய ரேஷியோவின் அருமை தெரியும். 4.56-க்கும் 4.88-க்கும் வித்தியாசம் ஏழு சதவீதம்தான். இணையத்தில் இதற்காக வெட்டு குத்து அளவுக்குப் போகிறார்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணம் தீட்டிய அட்டவணைகள் வேறு சுற்றுகின்றன. டயர் ஒரு பக்கம், ரேஷியோ ஒரு பக்கம். அதில் பல அட்டவணைகளுக்கு உங்கள் வண்டியின் கடைசி கியர் 0.69-ஆ 0.83-ஆ என்பதே தெரியாது. 3.21-ஐ வைத்துக்கொண்டு 4.10-க்குப் போகலாமா என்று யோசிப்பவருக்குத்தான் ரேஷியோ ஒரு பெரிய முடிவு. 4.56-ஆ 4.88-ஆ என்பது ருசி.

கம்பெனிக்காரர்கள் தாங்களே 35 அங்குல டயர் போட்டு விற்கும்போது என்ன செய்கிறார்கள் என்றும் பாருங்கள். 2021-இல் ஜீப், ரூபிக்கானுக்கு எக்ஸ்ட்ரீம் ரீகான் என்ற தொகுப்பை அறிவித்தபோது 35 அங்குல டயரோடு 4.56 வைத்தது. ஃபோர்டு பிராங்கோவின் சாஸ்குவாட்ச் தொகுப்பில் 4.70. ஜீப்பில் எட்டு கியர் பெட்டி, பிராங்கோவில் பத்து கியர் பெட்டி. அத்தனை கியர் இருந்தும் அவர்கள் ரேஷியோவைச் சும்மா விடவில்லை.

இப்போது பாறை. மோவாபின் வழுக்குப் பாறையோ, கலிஃபோர்னியாவின் ரூபிக்கான் பாதையோ, எங்கள் பக்கத்து 13,000 அடிக் கணவாய் இமோஜினோ, அங்கெல்லாம் லோ ரேஞ்ச்தான். ஊர்ந்து போகும் திறனைக் கணக்கிட முதல் கியர், முன், பின் ஆக்ஸிலுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ ரேஞ்ச், ஆக்ஸில் மூன்றையும் பெருக்க வேண்டும். சாதாரண ஜேகேயில் டிரான்ஸ்ஃபர் கேஸ் 2.72, ரூபிக்கானில் 4. ஐந்து கியர் ஆட்டோமேட்டிக் சாதாரண வண்டியில் 3.59, 2.72, 3.73 பெருக்கினால் 36. அதில் 4.88 போட்டால் ஏறத்தாழ 48, அதாவது 31 சதவீதம் கூடுதல். அதை விட்டுவிட்டு டிரான்ஸ்ஃபர் கேஸை மட்டும் 4-க்கு மாற்றினால் 47 சதவீதம் கூடுதல், அதுவும் ஹைவேயில் ஒரு சுற்றுகூட ஏறாமல். பாறை மட்டும்தான் உங்கள் கவலை என்றால் பணம் போக வேண்டிய இடம் டிரான்ஸ்ஃபர் கேஸ். ஆக்ஸில் கியரை ஆஃப்ரோடு சாமான் என்று எல்லாரும் சொல்கிறோம், அதன் சம்பளத்தை அது சம்பாதிப்பது என்னவோ தார்ச் சாலையில்தான். இது என் தீர்ப்பு. மணல்மேட்டுக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அவர்களுக்கு ஹை ரேஞ்சில் வேகம் வேண்டும், அது வேறு உலகம்.

ஏன் எல்லாரும் 5.38-க்கே போய்விடக் கூடாது? பினியன் சிறுத்துக்கொண்டே போகும் என்பதால். கிரவுன் வீலின் விட்டத்தை ஹவுசிங் தீர்மானிக்கிறது, அது பெரிதாகாது. ரேஷியோ கூட வேண்டுமானால் பினியன்தான் மெலிய வேண்டும். ரூபிக்கான் இல்லாத ஜேகேயின் முன் ஆக்ஸில் டேனா 30, கிரவுன் விட்டம் ஏழு அங்குலத்துக்குச் சற்று மேல். அதில் மெலிந்த பினியனைப் போட்டு, 37 அங்குல டயரும் போட்டு, சக்கரம் பாறை இடுக்கில் மாட்டியிருக்கும்போது முழு மிதி மிதித்தால் விளைவு கேட்க வேண்டியதில்லை. எட்டரை அங்குல டேனா 44 இன்னும் தாங்கும். பாறை ஏறும் டேனா 30 வண்டிக்காரர்கள் 35, 4.88 இரண்டிலும் நின்றுகொள்வது உத்தமம். பிரேக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை: பெரிய டயரால் நிற்கும் தூரம் கூடினால் அதை ஆக்ஸில் கியர் சரிசெய்யாது. பிரேக் சக்கரத்திலேயே இருக்கிறது, கியருக்கு அந்தப் பக்கம்.

செலவு. நாலு சக்கர டிரைவ் வண்டிக்கு முன், பின் இரண்டு ஆக்ஸிலிலும் ஒரே ரேஷியோ இருக்க வேண்டும். பின்னால் மட்டும் மாற்றிவிட்டு நாலு சக்கரத்தையும் இணைத்தால் ஷாஃப்டுகள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி எதையாவது உடைக்கும். எனவே எல்லாம் இரண்டு செட். இரண்டு ஆக்ஸிலுக்கும் கூலியோடு சேர்த்து 2,000 டாலரை ஒட்டி ஆகும், பல கடைகளில் தாண்டும். 3.21 வண்டிக்காரர்களுக்கு இன்னொரு அடி: கிரவுன் வீலைத் தாங்கும் கேரியர் அந்தச் சின்ன ரேஷியோவுக்கான அளவில் இருப்பதால் பெரிய ரேஷியோவுக்குக் கேரியரையும் மாற்ற வேண்டும். எப்படியும் கேரியர் வாங்குகிறோம் என்றால் இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டும் லாக்கரையே வாங்கிவிடலாம் என்று மனசு சொல்லும். மனைவியிடம் கேட்டுக்கொள்ளவும்.

உள்ளே என்ன ரேஷியோ இருக்கிறது என்று தெரியாவிட்டால், பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கி, மற்றவற்றுக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். லாக்கரோ லிமிட்டட் ஸ்லிப்போ இல்லாத ஆக்ஸிலில் ஷாஃப்ட் எத்தனை சுற்றுகிறதோ அதுதான் ரேஷியோ. சாக்பீஸில் ஷாஃப்டில் ஒரு கோடு போட்டுக்கொண்டால் எண்ணச் சுலபம்.

கடையைத் தேர்ந்தெடுப்பதுதான் ரேஷியோவைத் தேர்ந்தெடுப்பதைவிடக் கஷ்டம். நல்ல ஆள் வேலை செய்வதை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தேன். கிரவுன் பல்லில் நாலைந்தை மட்டும் தேர்ந்து மஞ்சள் பேஸ்ட்டைத் தூரிகையால் பூசுகிறார். கையால் முன்னும் பின்னும் சுற்றுகிறார். பினியன் உரசிய இடத்தில் பேஸ்ட் விலகி, பல்லின் நடுவில் நீள்வட்டமாக ஒரு தடம் தெரிகிறது. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குகிறார். எனக்கு அது அழகான தடம். அவருக்குப் பினியன் ஒரு நூலிழை ஆழமாக உட்கார்ந்திருக்கிறது. மொத்தத்தையும் கழற்றி, பேரிங்கை பிரஸ்ஸில் இழுத்து, காகிதத் தடிமன் ஷிம்மை மாற்றி, மறுபடி பூட்டி, மறுபடி பேஸ்ட். பிறகு டயல் கேஜை வைத்துப் பல்லிடுக்கு ஆட்டத்தை அளக்கிறார்: ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஆறிலிருந்து பத்துக்குள் இருக்க வேண்டும், கிரவுனைச் சுற்றி நாலு இடத்திலும். பினியன் பேரிங்கின் இறுக்கத்துக்குத் தனியாக ஒரு டார்க் ரெஞ்ச். இதைப் பாதி நாளில் இரண்டு ஆக்ஸிலுக்கும் முடித்துத் தருகிறேன் என்று சொல்லும் கடையிலிருந்து ஓடி வந்துவிடுங்கள். மஞ்சள் தடத்தைப் படம் எடுத்துக் கொடுங்கள் என்று கேளுங்கள், ஒழுங்கான கடை மறுக்காது.

வேலை முடிந்ததும் வண்டியின் கம்ப்யூட்டரில் டயர் அளவையும் ரேஷியோவையும் மாற்றச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பீடோமீட்டர் தப்பு, கியர் மாறும் நேரமும் தப்பு. 32-லிருந்து 35-க்குப் போய் ஒன்றுமே மாற்றாதவரின் ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 65-க்கு மேல் போகிறது. மைலேஜ் பாதியாகிவிட்டது என்று புலம்புகிறவர்களில் பாதிப்பேர் ஒன்பது சதவீதம் குறைத்துக் காட்டும் ஓடோமீட்டரை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். கியர் மாற்றினால் மைலேஜ் கூடுமா என்றால், தடுமாறிக்கொண்டிருந்த வண்டியில் கொஞ்சம் தேறும். சின்ன டயர்க் காலத்து மைலேஜ் திரும்ப வராது.

புதுக் கியரை முதல் நாளே ஐ-70-இல் ஏற்றாதீர்கள். பதினைந்து, இருபது நிமிடம் மிதமாக ஓட்டி, நன்றாக ஆறவிட்டு, மறுபடி ஓட்டி ஆறவிடுங்கள். முதல் 500 மைலுக்கு டிரெய்லர் இழுக்க வேண்டாம். பிறகு எண்ணெயை மாற்றுங்கள். காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மாவு போல ஒட்டியிருந்தால் சரி, செதில் செதிலாக இருந்தால் வண்டியைக் கடைக்குத் தள்ளுங்கள். எண்ணெய் மாற்றிய பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கியர் ஊளையிட்டு, நீங்கள் வாரண்டி என்று போய் நின்றால், கடைக்காரர் முதலில் கேட்கும் காகிதம் அதுதான்.